சுறா எண்ணெய் பூசிய வாசற்கதவு

எங்கள் வீட்டில் எதையும் விவாதிக்காமல் செய்த வழக்கமில்லை. புளியை எந்தக் கடையில் வாங்குவது, மழைக்காலத்தில் விறகை எங்கே அடுக்குவது, கிணற்று ராட்டினத்துக்குத் தேங்காயெண்ணெய் விடுவதா விளக்கெண்ணெய் விடுவதா என எல்லாமே கூடத்தில் முன்மொழியப்படும்; எதிர்த்துரைக்கப்படும்; இறுதியில் அம்மாவால் முடித்துவைக்கப்படும். மேடையில் நிற்கவும், குரலை ஏற்றி இறக்கவும், கையை எந்தச் சொல்லில் உயர்த்தி எந்தச் சொல்லில் தாழ்த்துவது என்பதையும் நான் மாணவர் மன்றத்தில் முறையாகப் பயின்றவன். ஆனால் எதிராளி மூச்சு வாங்கும் இடைவெளியில் புகுந்து அவர் வாக்கியத்தை என் வாக்கியமாக முடிக்கும் கலையை எனக்குக் கற்பித்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்த அந்தக் கூடம்தான்.

பள்ளியிறுதித் தேர்வில் நான் தேறிய ஆண்டு அது. சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சென்னை என்றால் எனக்குக் கல்லூரி மட்டுமல்ல. ஒலிபெருக்கி கட்டிய மேடைகளும், மேடைக்கு முன் மணலில் அமர்ந்திருக்கும் ஆயிரம் செவிகளும் ஆகும். ஆனால் விடுதிச் செலவு என்ற ஒன்று இடையில் நின்றது. மில்லில் நெசவுப் பிரிவு மேஸ்திரியாக இருந்த அப்பா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

“முன்கட்டு வாடகைக்குப் போச்சுன்னா நீ மெட்ராசு. போவலன்னா மில்லு. டைம்கீப்பர் சீட்டு காலியாத்தான் கெடக்குது. சொல்லி வச்சிருக்கேன்.”

டைம்கீப்பர் என்பவர் ஊதல் ஒலித்ததும் வாயிற்கதவை மூடுவார். அதற்குப் பின் வருகிறவர்களை முறைப்பார். வாய் திறக்க வேண்டிய தேவையே அந்த வேலையில் இல்லை. மூன்று சொற்போட்டிகளில் வென்று மூன்று கோப்பைகளை அலமாரியில் அடுக்கியிருந்த ஒருவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனையை எந்த நீதிபதியாலும் எழுத முடியாது.

பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆட்சி கைமாறிய பின் சென்னையிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுள் ஒருவர் தெருவோடு போகையில் எங்கள் முன்கட்டைப் பார்த்து அப்பாவிடம் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து உள்ளே பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் அன்றைக்கே சாவி வாங்கிக்கொள்வதாகவும் கூறினார். போகும்போது ஒரு நிபந்தனையையும் மென்மையாகச் சொல்லிச் சென்றார். அவர்கள் சுத்த சைவம். மீன் வாடை பட்டால் அவர் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும்.

அன்று முதல் எங்கள் அடுப்பில் மீன்சட்டி ஏறவில்லை. கருவாட்டுப் பானை அண்டை வீட்டில் அடைக்கலம் புகுந்தது. மீன் இல்லாமல் சோறு இறங்காத அப்பா, ரசத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட்டார். வாசலில் தொங்கவிட ஒரு பலகையில் ‘முன்கட்டு வாடகைக்கு விடப்படும். சைவக் குடும்பத்தினர்க்கு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் நானே எழுதினேன். மீனின் நினைவைக்கூட வீட்டைவிட்டு வெளியேற்றி, வெள்ளையடித்து, வர்ணம் பூசி, ஞாயிற்றுக்கிழமையை எதிர்கொள்வதென்று தீர்மானமாயிற்று. என்ன வர்ணம், எதன் மேல் எதைப் பூசுவது என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

வாசற்கதவு பர்மாத் தேக்கு. உப்புக் காற்று அதன் முகத்தை வறண்ட குளம்போல் வெடிக்கச் செய்திருந்தது. மரத்துக்கு நேரடியாக வர்ணம் பூசக் கூடாது, அடியில் ஒரு கோட்டு கொடுத்துத்தான் மேலே பூச வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. வர்ணக் கடைக்காரர் ‘பிரைமர்’ என்று சொன்ன அதற்கு நான் ‘அடிப்பூச்சு’ என்று பெயர் சூட்டினேன். யாரும் அதைப் பயன்படுத்தவில்லையாயினும், பெயர் நல்ல பெயர்.

அப்பா முதலில் பேசினார். ஆளிவிதை எண்ணெயில் கலந்த வெள்ளை பிரைமரை ஒரு கோட்டு அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு நீல இனாமல் அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடைக்காரர் சொன்னபடி, பிரைமர் காய இரண்டு நாள், இனாமல் காய இரண்டு நாள். அன்றைக்கோ வியாழக்கிழமை.

எதிர்க்கட்சி, என் மாமா. அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோன் போய்விட்டுத் திரும்பியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போன பிறகும் அவர்களுடைய சொற்கள் அவர் வாயைவிட்டுப் போகவில்லை. பெயிண்ட் என்று அவர் சொல்லமாட்டார், பெந்த்தூர் என்பார்.

“மச்சான், நான் ஒன்னு கேக்குறேன். படகு எங்க நிக்குது? தண்ணில நிக்குது. அதுவும் உப்புத் தண்ணில. அதுக்கு அவன் என்னா தடவுறான்? கடைக்குப் போயி பிரைமர் குடு, பிரைமர் குடுன்னு கேக்குறானா? சுறா எண்ணெ! பிள்ளச்சாவடில நமக்கு வேண்டியவன் இருக்கான். ஒரு டின்னு வாங்கியாரேன். காலைல தடவுனா சாயங்காலம் பெந்த்தூர்.”

“யோவ் சொல்தா, நீ சைகோன்ல சண்ட போட்டியா, கதவுக்கு வர்ணம் அடிச்சியா?”

“ரெண்டுந்தான். பட்டாளத்து வூடு மொத்தத்துக்கும் நான்தான் பெந்த்தூர் அடிச்சேன்.”

“அதான் தோத்துட்டு வந்தீங்க.”

அவையில் சிரிப்பு எழுந்தது. மாமா நிலைகுலைந்தார். அந்தத் தருணத்தில் நான் எழுந்தேன். அப்பாவின் திட்டப்படி ஞாயிற்றுக்கிழமை கதவு ஈரமாக இருக்கும். ஈரக் கதவு வாடகையைத் தடுக்கும். தடைப்பட்ட வாடகை என்னை மில் வாயிலில் நிறுத்தும். மாமாவின் திட்டமே என்னைச் சென்னைக்கு இட்டுச் செல்லும். ஆகவே நான் பேசியது வெறும் பேச்சன்று.

“கடலையே எதிர்த்து நிற்கும் படகுக்குக் காவலாகும் எண்ணெய், கடற்காற்றை எதிர்த்து நிற்கும் கதவுக்குக் காவலாகாதா? அலையின் அறையைத் தாங்கும் அரண், காற்றின் கீறலைத் தாங்காதா? மூழ்கும் மரத்தையே காப்பது, மூடும் மரத்தைக் காக்காதா? காலத்தால் கடைக்காரரின் பூச்சு நேற்றுப் பிறந்தது, கடலோரத்தின் எண்ணெயோ...”

“முடிஞ்சுதா?” என்றார் அம்மா. அகப்பையால் தாம்பாளத்தை ஒருமுறை தட்டினார். எங்கள் அவையில் அதுவே மணி. “சுறா எண்ணென்னா கவுச்சி அடிக்காதாடா? மீன்சட்டியவே கழுவிக் கவுத்து வச்சிருக்கேன், தெரியுமில்ல?”

“மேல பெந்த்தூர் ஏறிட்டா வாசன உள்ளாறயே பூட்டிக்கும்க்கா. வொலா! அவ்ளோதான்!” என்றார் மாமா.

“ஆயுள் தண்டனை அம்மா,” என்று நான் சேர்த்துக்கொண்டேன். “வெளியே வரவே முடியாது.”

அம்மா தீர்ப்பளித்தார். கதவு மாமாவுக்கு, சுவர் அப்பாவுக்கு. “ஆளுக்கு ஒன்ன எடுத்துக்கிட்டு எதையாச்சும் தடவுங்க. ஞாயித்துக்கெழம எனக்கு வூடு பளிச்சுனு இருக்கணும்.”

சுவர் கிடைத்ததில் அப்பாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். மில் அலுவலகத்தில் சுவரின் மேற்பாதி வெள்ளையாகவும், இடுப்பு உயரம் வரை பச்சை எண்ணெய் வர்ணமாகவும் இருக்கும். முப்பது ஆண்டுகளாக அதைப் பார்த்துப் பார்த்து, கண்ணியமான மனிதர்கள் அப்படிப்பட்ட சுவர்களுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அந்த வாரத் தொடக்கத்தில்தான் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். அந்தச் சுண்ணாம்பின் மேலேயே பச்சை இனாமலைத் தீட்டத் தொடங்கினார்.

“அப்பா, சுவருக்கு அடிப்பூச்சு வேண்டாமா?” என்று கேட்டேன்.

“சுண்ணாம்பே முதல் கோட்டுதான். போடா அந்தாண்ட.”

மரத்துக்கு அவ்வளவு அழுத்தமாகக் கேட்டதைச் சுவருக்கு வேண்டாம் என்பது வெளிப்படையான முரண். அதை எடுத்துக்காட்ட வாயெடுத்தேன். தூரிகையிலிருந்து பச்சைத் துளி ஒன்று என் சட்டையை நோக்கி வந்ததால் ஒத்திவைத்தேன்.

மாமா டின்னைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, மீனவர் குப்பமான பிள்ளைச்சாவடியிலிருந்து திரும்பியபோது, எதிர்வீட்டு மதிலில் உறங்கிய பூனை எழுந்து நின்றது. டின்னைத் திறந்ததும் இறங்கி வந்தது. கதவின் முதல் பலகைக்கு எண்ணெய் தடவி முடிப்பதற்குள் அது தன் உறவினர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. சாயங்காலம் நீல இனாமல் ஏறியது. பார்வைக்கு, அந்தத் தெருவில் அப்படியொரு கதவு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை.

ஆனால் அது காயவில்லை. மறுநாள் காலையில் விரல் வைத்தால் விரலின் ரேகை பதிந்தது. உச்சிவெயிலில் வைத்தாலும் பதிந்தது. சனிக்கிழமை மாலை, வைத்த விரலை எடுக்கையில் வர்ணம் நூலாக நீண்டு வந்தது. வெயிலின் சூட்டில் உள்ளிருந்த வாடையும், தண்டனை முடிந்து விடுதலையான கைதிபோல், பெருமிதத்தோடு வெளியே வந்தது.

“ஈரக் காத்து மச்சான். வேற ஒன்னுமில்ல,” என்றார் மாமா.

“படகுக்கு ஈரக் காத்தே கெடையாதாய்யா?” என்றார் அப்பா, தன் பச்சைச் சுவரைத் தடவிக்கொடுத்தபடி. சுவர் சொன்னபடி இரண்டே நாளில் காய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. அந்த வெற்றிப் புன்னகையை மறைக்க அவர் முயலவில்லை.

இப்போது எனக்கு விவரம் தெரியும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் படப்படத் தானே இறுகித் தோலாகிவிடும். சுறா ஈரல் எண்ணெய் அவ்வாறு இறுகுவதில்லை. மரத்தில் ஊறி ஈரமாகவே கிடக்கும். படகுக்கு அதுவே போதும், ஏனென்றால் அதன் மேல் எவரும் நீல இனாமல் பூசிச் சென்னை அதிகாரிக்குக் காட்டுவதில்லை. என் வாதத்தின் கட்டமைப்பில் இன்றும் நான் ஒரு விரிசலைக் காணவில்லை; இந்த ஒரு தகவல் மட்டும் அவைக்கு வைக்கப்படவில்லை.

அம்மா சாம்பிராணி போட்டார். சாம்பிராணியும் சுறாவும் கலந்த மணம், கோயிலுக்குள் மீன்கடை போட்டதுபோல் இருந்தது. கதவின் இரு பலகைகளையும் அகலத் திறந்து உட்சுவரோடு ஒதுக்கிவிடுவது, வருகிறவர்கள் அதன் பக்கம் போகாதவாறு நான் குறுக்கே நின்று வரவேற்புரை ஆற்றுவது என்று திட்டமிட்டோம். அந்தப் பொறுப்பை வேறு எவரிடமும் ஒப்படைத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ரிக்‌ஷா வந்து நின்றது. அதிகாரி தூய வெள்ளை ஜிப்பாவில் இறங்கினார். பின்னால் அவர் மனைவி. இறங்கிய அடுத்த நொடியில் அந்த அம்மையாரின் மூக்கு நிமிர்ந்தது.

“என்னங்க, மீன் மார்க்கெட் இந்தத் தெருவுலயா?”

“இல்லம்மா. கடல் காத்து,” என்றார் அதிகாரி.

அவரே எடுத்துக்கொடுத்த முதலடியை நான் பற்றிக்கொண்டேன். “கடற்காற்றேதான் அம்மா! வங்கக் கடல் வாரி வழங்கும் வளமான காற்று! சென்னையிலும் அதே கடல். ஆனால் அங்கே அது புகையோடு வரும், இங்கே புத்துணர்வோடு வரும்...”

“அந்தப் பூனைக்கு ஏன் மூஞ்சி நீலமா இருக்கு?”

திரும்பிப் பார்த்தேன். கதவின் அடிப்பலகையை நக்கிவிட்டு நீல மீசையோடு ஒரு பூனை அமர்ந்திருந்தது. அதன் பின்னால் மற்றவை தத்தம் முறைக்குக் காத்திருந்தன.

“அது எங்கள் தெருப் பூனை அன்று,” என்றேன். முன்னறிவிப்பில்லாத குறுக்குக் கேள்விக்கு அது மோசமான விடையன்று என்றே கருதுகிறேன்.

அப்பா முந்திக்கொண்டு அவர்களைக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். பச்சைச் சுவரைக் கண்டதும் அதிகாரியின் முகம் மலர்ந்தது.

“பலே! ஆபீஸ் மாதிரியே இருக்கே.”

அப்பாவுக்கு வேறு என்ன வேண்டும்? “தட்டிப் பாருங்க சார். கல்லு மாதிரி நிக்கும்.”

அதிகாரி விரல் முட்டியால் சுவரை இருமுறை தட்டினார். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு, தட்டிய இடத்திலிருந்து பச்சை மெல்லப் பிரிந்தது. ஓட்டல் சமையற்காரர் கல்லிலிருந்து நெய்த்தோசையை எடுப்பதுபோல், கிழியாமல், அவசரமில்லாமல், ஒரு முழ நீளத்துக்குச் சுருண்டு இறங்கித் தரையில் அமர்ந்தது. அதன் முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. புதுச் சுண்ணாம்பு மாவாகத்தான் நிற்கும். அப்பாவின் இனாமல் அந்த மாவை இறுகப் பற்றியிருந்ததே தவிரச் சுவரைப் பற்றவேயில்லை.

“மோன் தியே,” என்றார் மாமா. எந்தக் கடவுளை எந்த மொழியில் அழைத்தாலும் பயனில்லாத நிலை அது.

அதிகாரி நல்லவர். “யோசிச்சுச் சொல்லியனுப்பறேன்,” என்றார். நான் குறுக்கே நிற்க மறந்துபோயிருந்ததால், உள்ளே வரும்போது கதவில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுக்கப் போனார். குடை வரவில்லை. மாமா கதவைப் பிடித்துக்கொள்ள, அவர் குடையை இழுக்க, ஒருவாறு கதவும் குடையும் பிரிந்தன. நீலம் பூசிய குடையோடும் முழங்கையோடும் அவர் ரிக்‌ஷாவில் ஏறினார். அந்த அம்மையார் ஏற்கெனவே முன்றானையால் மூக்கைப் பொத்தி அமர்ந்திருந்தார்.

ரிக்‌ஷா மறைந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் எதிர்வாதம் செய்திருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார்.

“நாளைக்குக் காலைல என்கூடக் கெளம்பு. வெள்ளச் சட்ட வேணாம். அங்க அழுக்காவும்.”

அந்தப் பகல் முழுவதும் நான் யாரிடமும் பேசவில்லை. அம்மா என் நெற்றியில் கைவைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

பொழுது சாயும் வேளையில் மாமா வாசலில் அமர்ந்து, கத்தியால் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெரிய மார்க்கெட்டிலிருந்து வடக்கே திரும்பிய ஒற்றைமாட்டு வண்டி ஒன்று எங்கள் வீட்டைக் கடந்து, சற்றுத் தள்ளிப் போய் நின்றது. வண்டியிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார். கட்டான உடம்பு, இரு மூக்கிலும் கல் பதித்த மூக்குத்தி, சொந்தப் படகுகளும் கருவாட்டு வியாபாரமும் உள்ளவர் என்பதை அவர் நின்ற தோரணையே கூறியது. பிள்ளைச்சாவடிக்கும் வடக்கே உள்ள கனகசெட்டிக்குளத்துக்காரர் என்பதைச் சிறிது நேரத்தில் அவரே கூறினார்.

“இன்னாய்யா இது? கதவுக்கு சுறா எண்ணெயா தடவியிருக்கீங்க?”

“ஆமா. பிள்ளச்சாவடி சரக்கு,” என்றார் மாமா, இன்னும் விடாத பெருமையோடு.

“அதான் பாத்தேன். எங்கூரு எண்ணென்னா இப்பிடியா நாறும்?” அவர் கண் பலகையில் விழுந்தது. என்னைப் பார்த்து, “இன்னா தம்பி எழுதியிருக்குது? படி,” என்றார்.

படிக்கச் சொன்னால் நான் படித்துவிடுவேன், அது பயிற்சி. தெளிவான உச்சரிப்பில், உரிய அழுத்தத்தோடு, “முன்கட்டு வாடகைக்கு விடப்படும். சைவக் குடும்பத்தினர்க்கு மட்டும்!” என்று முழங்கினேன். முழங்கி முடித்த பிறகே யாரிடம் முழங்கினேன் என்பது உறைத்தது.

அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். தெருவே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. “சைவமா? இந்த வூடா? கதவாண்ட வந்து நின்னுச் சொல்லு, பாப்போம்!”

அப்பா வெளியே வந்தார். வந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரிடம் நேராகப் பேசினார்.

“ஐயா, எம் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் டவுன்ல சிஸ்டருங்க பள்ளியோடத்துல எடம் கெடச்சிருக்குது. தெனம் அந்தக் கோடிலேருந்து வந்து போவ முடியல. நானும் வூடு கேட்டு நடக்காத தெரு இல்ல. என்ன தூரத்துல பாத்தாலே மூக்க சுளிச்சிகினு ‘ஆளு வந்துட்டாங்க’ன்னு கதவ சாத்துறாங்க. உங்க வூட்ல நான் வந்து நாற வெக்கறதுக்கு நீங்க ஒன்னும் பாக்கி வெக்கல. வூட்டக் குடுங்க.”

அப்பா தயங்கினார். பலகையைப் பார்த்தார், அக்கம்பக்கத்து வாசல்களைப் பார்த்தார். கட்சிக்கு ஆள் வேண்டிய தருணம் என்பதை உணர்ந்து நான் முன்வந்தேன். “அம்மையீர்! கல்வி கற்க வரும் கன்னியரைக் கதவடைத்து அனுப்பும் கயமையை...”

“தம்பி, கொஞ்சம் நில்லு. பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்,” என்றார் அவர்.

அம்மா உள்ளிருந்து வந்து, பலகையை ஆணியிலிருந்து கழற்றி, அதன் எழுத்துப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்தார். “உள்ள வந்து பாருங்கம்மா,” என்றார்.

“சொவுரு வேற உரிஞ்சி கெடக்குது,” என்று அப்பா முணுமுணுத்தார்.

“ஆயுசெல்லாம் மீன உரிச்சிகினு இருக்கேன், ஒரு சொவுரு எனக்கு எம்மாத்தம்?” கூடத்துக்குள் நுழைந்தவர், தொங்கிக்கொண்டிருந்த பச்சையைக் கட்டை விரலால் நெம்பி ஓர் இழுப்பு இழுத்தார். ஜன்னல் வரை வந்தது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. மறு சுவருக்கும் போய் இழுத்தார். அம்மாவும் ஒரு மூலையில் தொடங்கினார். “எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் வெள்ள அடிச்சிக் குடுங்க. பச்ச எதுக்கு, இது இன்னா ஆபீசா?”

தன் கனவுச் சுவர் இரண்டு பெண்களின் கைகளில் சுருள் சுருளாகக் கழல்வதை அப்பா நின்று பார்த்தார். அடுத்த வாரமே குடிவருவதாகப் பேச்சு முடிந்தது. அந்த அம்மாள் புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, இரண்டு முறை வாயெடுத்து இரண்டு முறையும் அடக்கிக்கொண்ட என்னைச் சுட்டிக்காட்டினார்.

“யாரு இது? ஆளப் பாத்தாலே பேச வந்துடுதே?”

“எம் புள்ள,” என்றார் அப்பா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “மெட்ராசுல காலேஜுல படிக்கப் போறான்.”

“சீக்கிரம் அனுப்பி வைங்க,” என்றார் அவர். “எம் பொண்ணுங்களும் படிக்கணும்.”